மூச்சிலானின் முகம்

1973 மார்ச் 4, ஞாயிறு

என் பெயர் துரைக்கண்ணு. வயது அறுபத்திரண்டு இருக்கும். இதை நானே எழுதுகிறேன். 'நானே' என்று எழுதும்போது சிரிப்பு வந்தது.

ராத்திரிப் பள்ளியில் எழுத்துச் சொல்லித்தரும் மேரி டீச்சர் தினம் நாலு வரி எழுதச் சொன்னார். நாலு வரி ஆகிவிட்டது.

மார்ச் 6

முப்பது வருஷமாக அச்சாபீசில் எழுத்தைக் கழுவுகிறேன். மண்ணெண்ணெயில் பிரஷைத் தோய்த்து ஈய எழுத்திலும் பட பிளாக்கிலும் ஒட்டிய மையைத் தேய்த்து எடுப்பது என் வேலை. எது என்ன எழுத்து என்று தெரியாமலே தேய்த்தேன். இப்போது தெரிகிறது. இன்று ஒரு 'ழ' கையில் கிடைத்தது. "உன்ன எனக்குத் தெரியும்டா" என்றேன்.

கம்பாசிட்டர் வரதராஜன் திரும்பிப் பார்த்தார். "யார்கிட்ட பேசிக்கினு இருக்கே?"

"தெரிஞ்சவங்கதான் சாமி."

ஒரு வேடிக்கை. ஈயத்தில் எழுத்து திரும்பி இருக்கும். எனக்கு அதுதான் சுலபமாக வருகிறது. காகிதத்தில் நேராக இருந்தால் தடுமாறுகிறேன்.

மார்ச் 11, ஞாயிறு

இன்று லீவு. நிறைய எழுதப் போகிறேன்.

எங்கள் அச்சாபீசிலிருந்து மாதம் ஒரு படக்கதைப் புத்தகம் வருகிறது. பெயர் மூச்சிலான். முகமூடி போட்ட வீரன். அவனுக்கு மூச்சு விடத் தேவையில்லை. தண்ணீருக்குள், புகைக்குள், மண் சரிந்த கிணற்றுக்குள் எல்லாம் இறங்கி மனுஷர்களைத் தூக்கி வருவான். வேலை முடிந்ததும் கடைசிப் பக்கத்தில், யாரும் இல்லாத இடத்தில், முகமூடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொள்வான். அந்த ஒரு படத்தில்தான் அவன் முகம் தெரியும்.

அந்த முகம் என் மகன் தணிகாசலத்தின் முகம்.

ஆறு வருஷம் ஆகிறது. ஒரு சத்திரத்தின் மலக்குழியைச் சுத்தம் பண்ண இறங்கிய இரண்டு பேர் மயங்கிவிட்டார்கள். தணிகாசலம் இறங்கினான். இரண்டு பேரையும் கயிற்றில் கட்டி மேலே அனுப்பினான். மறுபடி கயிற்றை விட்டார்கள். கயிறு மட்டும் வந்தது. இருபத்து மூன்று வயது. ஒரு போட்டோ எடுத்ததில்லை.

ஷபியுல்லா அவன் சிநேகிதன். புடவை பார்டருக்கு வேண்டிய டிசைனைக் கட்டம் போட்ட தாளில் வரைந்து கொடுக்கிற பிள்ளை. மூச்சிலானையும் அவன்தான், சிற்பி என்ற பெயரில், வரைகிறான். முதல் புத்தகம் அச்சான அன்று என் கையில் கொடுத்து, "கடைசிப் பக்கம் பாரு நைனா" என்றான். வேறு ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இரண்டு வருஷமாக அப்படியே.

என் வீட்டுக்காரி ஜெயம்மாள் புத்தகத்தை வாங்கியதும் கடைசிப் பக்கத்தைத்தான் திருப்புவாள். "இந்த மாசம் எதுல எறங்கினான்?" என்பாள். சொல்வேன். "எறங்கட்டும். மேல வந்துட்டான் இல்ல" என்பாள்.

கை வலிக்கிறது. வலி நன்றாக இருக்கிறது.

மார்ச் 20

கறுப்பு முகம் அச்சில் லேசில் வராது. காகிதம் வெள்ளை. ஒன்றும் செய்யாமல் விட்டால் எல்லோருமே வெள்ளைதான். ஷபியுல்லா கன்னத்திலும் நெற்றியிலும் மெல்லிய கோடு கோடாகப் போட்டு அந்தக் கறுப்பைக் கொண்டுவருகிறான். ஐந்நூறு பிரதி ஓடியதும் கோட்டுக்கு நடுவே மை அடைத்துக்கொள்ளும். முகம் கரிக்கட்டி ஆகிவிடும். நான் மெஷினை நிறுத்தச் சொல்லி ஊசியால் அந்த மையைக் கோடு கோடாகக் குத்தி எடுப்பேன்.

முதலாளி வேணுகோபால் இன்றும் பார்த்துவிட்டார். "இன்னாடா, காது குத்தறியா? மூஞ்சில அந்தக் கோடெல்லாம் இன்னாத்துக்கு? எடுத்துட்டா பளிச்சுனு வரும்."

"சரி சார்" என்றான் ஷபியுல்லா. அடுத்த மாதமும் போடுவான்.

ஏப்ரல் 5

பட்டணத்திலிருந்து சினிமாக்காரர் காரில் வந்தார். மூச்சிலானைப் படமாக எடுக்கப் போகிறார்களாம். முதலாளி எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். எனக்கும்.

ஜெயம்மாளிடம் சொன்னேன். அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "அதுல நடப்பானா?" என்றாள்.

"நடப்பான். ஓடுவான்கூட."

அவள் சோறு ஆக்க மறந்துவிட்டாள். நானும் கேட்கவில்லை.

ஏப்ரல் 8, ஞாயிறு

மேரி டீச்சர் இந்த வாரம் யாருக்காவது கடிதம் எழுதச் சொன்னார். எனக்கு யார் இருக்கிறார்கள் கடிதம் எழுத? யோசித்தேன். மூச்சிலான் புத்தகத்தின் கடைசியில் வாசகர் கடிதம் வருமே. நானும் வாசகன்தானே?

காலையில் ஆரம்பித்து மத்தியானம் முடித்தேன். இங்கேயும் எழுதி வைக்கிறேன், இது என் முதல் கடிதம்.

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். மூச்சிலான் கதை மிக நன்றாக இருக்கிறது. அவன் முகம் என் மகன் தணிகாசலத்தின் முகம். நாங்கள் சேரியைச் சேர்ந்தவர்கள். அவன் மலக்குழியில் இறங்கி இருவரைக் காப்பாற்றிவிட்டு மூச்சு அடைத்துச் செத்தான். செத்த பிறகும் அவன் மாதாமாதம் இவ்வளவு பேரைக் காப்பாற்றுவது எனக்கும் அவன் தாயாருக்கும் சந்தோஷம். இப்படிக்கு துரைக்கண்ணு, காஞ்சிபுரம்.

ஏப்ரல் 9

கடிதத்தை அச்சாபீசில் வாசகர் கடிதங்கள் போடும் கூடையில் வைத்தேன். முதலாளி படித்து, சிவப்புப் பென்சிலால் குறி போட்டதைத்தான் வரதராஜன் அச்சுக் கோப்பார். நான் என்னுடையதை மேலாக வைத்தேன்.

ஏப்ரல் 24

அச்சுக் கோத்து வைத்த பலகையைத் துடைக்கப் போனேன். கடைசி மூலையில் திருப்பிப்போட்ட எழுத்தில் 'து' என்று ஆரம்பித்து ஒரு பெயர். படித்தேன். இன்னொரு தரம் படித்தேன். என் பெயர்! என் கடிதம் முழுசாக இருக்கிறது!

முதலாளி குறி போட்டிருக்கிறார்!

என் பெயர் மேல் இருந்த தூசியைத் துணியால் ஒற்றி எடுத்தேன். ஒரு எழுத்துக்கூட அசையாமல்.

மே 1

புத்தகம் வந்துவிட்டது. தெருவில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். பதினோரு தடவை. பக்கத்து வீட்டு மணியம்மாள் மூக்கைச் சிந்திக்கொண்டே, "மாமா, இன்னொரு தபா" என்றாள்.

ஜெயம்மாள் என் பெயர் இருந்த இடத்தைத் தடவிப் பார்த்தாள். இந்த மாதிரி ஒரு நாள் எனக்கு வாய்த்ததில்லை.

மே 12

தபாலாபீசிலிருந்து கடிதங்களைக் கொண்டுவருவதும் என் வேலை. கார்டுகளை வழியில் படித்துக்கொண்டே வருவேன். இன்று ஒரு கார்டு:

"மலக்குழியில் இறங்கினவன் என்று தெரியாமல் என் பிள்ளைகள் இந்தப் படத்தைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். கிழித்து, சுவரைக் கழுவிவிட்டோம்."

கழுவிவிட்டோம் என்றுதான் எழுதியிருக்கிறது. எழுத்துக் கூட்டித் திரும்பவும் பார்த்தேன்.

மே 14

ஒன்பது கார்டு. எட்டு அந்த மாதிரி.

படிக்கத் தெரியாதிருந்தால் இவை வெறும் கார்டுகள். பையில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்திருப்பேன்.

ஒன்பதாவது திருமுக்கூடலிலிருந்து, மங்கையர்க்கரசி என்று ஒரு பெண். "என் தம்பியும் அப்படித்தான் போனான். அடுத்த மாதம் முகத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போட முடியுமா?" அந்தக் கார்டைக் கூடையில் வைக்கவில்லை. இந்த நோட்டில் வைத்திருக்கிறேன். அவளுக்கு என்ன பதில் எழுதுவேன்?

மே 19

ஏஜெண்டுகள் புத்தகக் கட்டைப் பிரிக்காமலே திருப்பி அனுப்புகிறார்கள். அச்சாபீஸ் வாசல் முழுக்கக் கட்டு.

முதலாளி வரதராஜனைப் பார்த்துக் கத்தினார். "யாருய்யா இந்த லெட்டர போட்டது? நான் டிக் போட்டனா?"

"கடைசிப் பக்கத்துல நாலு வெரல் எடம் காலியா நின்னுது. மேலாப்ல இருந்தத எடுத்து அடுக்கிட்டேன். நான் எழுத்தத்தான் பாப்பேன் சார், சேதிய எங்க பாக்கறேன்?"

முதலாளி குறி போடவே இல்லை.

பிறகு என்னைக் கூப்பிட்டார். அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. "துரைக்கண்ணு, நான் சாதி பாக்கறவனாடா? சொல்லு. உனக்கு டீ வாங்கிக் குடுக்கல?"

"குடுத்தீங்க சாமி."

"அப்புறம் ஏன்டா என் தலைல மண்ணள்ளிப் போட்டே?"

பலகையில் என் பெயரைப் பார்த்த அன்றே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கடிதத்தை எடுத்திருப்பார்கள். நான் தூசி துடைத்துக்கொண்டிருந்தேன்.

மே 20

எழுதக் கற்றிருக்கக் கூடாது.

மே 27, ஞாயிறு

ஷபியுல்லா டீக்கடைக்கு வரச் சொன்னான். அவன் உள்ளே பெஞ்சில் உட்காரவில்லை, என்னோடு வெளியே நின்றுகொண்டே குடித்தான்.

"இன்னா நைனா இப்படிப் பண்ணிட்டே."

"சந்தோஷத்துல எழுதிட்டேன்பா."

"ரெண்டு வருசமா என் சம்சாரத்துக்குக்கூட சொல்லல. எத்தினி வூட்டுக்குள்ள போய்ட்டான் தெரியுமா அவன்? சாமி ரூம்பு இருக்கிற வூட்லகூட அவன் படம் ஒட்டியிருந்தாங்க. தெரிஞ்சிருந்தா உட்டிருப்பாங்களா?"

"தெரியாம போனா, அது போனதாப்பா?"

அவன் தம்ளரைக் கீழே வைத்தான். பிறகு சிரித்தான். "என் பேர போட்டிருந்தா மட்டும்? நான் சிற்பியாத்தான் உள்ள போறேன் நைனா. ஷபியுல்லாவா இல்ல."

அவன் என்னைத் திட்டியிருக்கலாம்.

ஜூன் 10

சினிமாக்காரர் மறுபடி வந்தார். சின்ன வயசு, சென்ட் வாசனை. முதலாளி என்னைக் காட்டி, "இவன்தாங்க அந்த ஆளு" என்றார்.

"பெரியவரே, உங்க லெட்டர் படிச்சேன். கண்ணுல தண்ணி வந்துட்டுது. நெஜமா. ஆனா படத்துக்கு ஒத்துவராது. குழிய எடுத்துட்டு அருவி வெச்சிருக்கோம். ஹீரோ ஜமீன் வூட்டுப் புள்ள. இமயமலையில ஒரு சாமியார்கிட்ட மூச்சடக்கக் கத்துக்கறார்."

"எங்க ஜனம் படத்துல இல்லீங்களா?"

"ஏன் இல்ல? ஒரு சேரியே பத்திக்கினு எரியுது. ஹீரோ வந்து காப்பாத்தறார். பெரிய சீன் அது."

"காப்பாத்தறது எங்காளா இருந்தா என்னாங்க?"

அவர் கோபப்படவில்லை. முதலாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உங்களுக்கு இன்னா வேணும், சொல்லுங்க. செய்யறேன்."

நல்ல மனுஷர்தான். ஆனால் எனக்கு வேண்டியதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. என் பிள்ளை மாதம் ஒரு தரம் மேலே வர வேண்டும். அதைக் கொடுங்கள் என்று கேட்கவா? பிளாக்கை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டேன்.

ஜூலை 3

முதலாளி ஷபியுல்லாவிடம் நடிகர் போட்டோவைக் கொடுத்துவிட்டார். ஆகஸ்ட் புத்தகத்திலிருந்து மூச்சிலானுக்கு அந்த முகம். இல்லையென்றால் வேறு ஆள் வரைவான்.

"நான் வரையலன்னா எவனோ வரைவான் நைனா. என் கையால போகட்டும்" என்றான்.

ஜூலை 26

புது பிளாக் வந்தது. ஐந்நூறு ஓடியது, ஆயிரம் ஓடியது. மெஷினை யாரும் நிறுத்தவில்லை. அந்த முகத்தில் ஒரு கோடுகூட இல்லை. முதலாளி, "பாத்தியா, பளிச்சுனு" என்றார்.

ஆகஸ்ட் 1

ஜெயம்மாள் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள்.

"யாருய்யா இது?"

"மூச்சிலான்."

"அவன் எங்க?"

அவள் புத்தகத்தைப் பின்னாலிருந்து முன்னால் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினாள். ஒவ்வொரு படத்திலும் விரலை வைத்துப் பார்த்தாள். "முகமூடியோட இருக்கிற வரைக்கும் நம்ம புள்ளதான். கழட்டினாத்தான் வேற எவனோ."

அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். கடிதம், கார்டுகள், கட்டுகள், எல்லாம் என்னால் ஆனது என்று.

ஆகஸ்ட் 2

பேசவில்லை.

ஆகஸ்ட் 3

பேசவில்லை.

ஆகஸ்ட் 5, ஞாயிறு

இன்று பேசினாள். "நீ எழுதனதுல பொய் எதுனா இருக்குதா?"

"இல்ல."

"அப்புறம் இன்னாத்துக்கு அழுவறே?"

பொய் இல்லை என்பதற்காகத்தான் அழுகிறேன்.

செப்டம்பர் 9

பழைய புத்தகங்களை எடுத்துப் பார்த்தோம். இருபத்தேழு. எல்லாவற்றிலும் அவன் இருக்கிறான். ஆனால் செய்ததையே செய்கிறான். தூக்கினவர்களையே தூக்குகிறான். ஜூலை வரைக்கும் அடுத்து என்ன செய்வான் என்று ஒன்று இருந்தது. கயிறு மட்டும் வந்த நாளில் இருந்த மாதிரி இருக்கிறது.

ஜெயம்மாள் புத்தகங்களைக் கட்டி வைத்துவிட்டாள்.

அக்டோபர் 2

ஷபியுல்லா வரைவதை நிறுத்திவிட்டான். பார்டர் வேலையே போதும் என்கிறான். வழியில் பார்த்தால் நிற்கிறான். பேச ஒன்றும் இருப்பதில்லை.

எதற்கு எழுதுகிறேன்? யார் படிக்க?

டிசம்பர் 16, ஞாயிறு

தாமல் ஏரியில் சினிமா எடுக்கிறார்கள். நம் தெருவில் எட்டுப் பேரைக் கொள்ளைக் கூட்டமாக நிற்கக் கூட்டிப்போனார்கள். மணியம்மாளின் தம்பி முகத்தில் கரியோடு வந்தான்.

"எங்க கறுப்பு காமிராவுக்குப் பத்தலையாம் மாமா. அடுப்புக்கரிய அரைச்சிப் பூசி உட்டாங்க. ஹீரோவுக்கு மட்டும் மாவு."

தெருவே சிரித்தது. அவனும் சிரித்தான். முகம் கழுவ ரொம்ப நேரம் ஆயிற்று அவனுக்கு.

1974 ஏப்ரல் 16, செவ்வாய்

நாலு மாதம் எழுதவில்லை. எழுத்து மறந்துவிடும் என்று பார்த்தேன். மறக்கவில்லை.

படம் வருஷப்பிறப்பன்று வந்துவிட்டது. நான் போவதாக இல்லை. ஜெயம்மாள்தான், "அவன் பேர வெச்சிருக்கானுங்க, அதையாவது பாப்போம்" என்றாள். தரை டிக்கெட்டில் உட்கார்ந்தோம். நம் தெருப் பிள்ளைகள் முன்னால் இருந்தார்கள். நடிகர் அருவியிலிருந்து வெளியே வந்து முகமூடியைக் கழற்றியதும் விசிலடித்தார்கள். எரிகிற சேரியிலிருந்து ஒரு கிழவியைத் தூக்கி வந்தபோதும் விசில். குற்றம் சொல்ல மாட்டேன். படம் நன்றாகத்தான் எடுத்திருக்கிறார்கள்.

நான் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். ஜெயம்மாள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"யோவ். அங்க பாரு. அந்த மொட்டையனுக்குப் பின்னால."

மொட்டையன்தான் படத்தில் கெட்டவன். அவன் பின்னால் அடியாட்கள். ஓரமாக ஒருத்தன், நம் தெரு ஆள் இல்லை, நல்ல கறுப்பு, ஒரு காலை மடித்துச் சுவரில் வைத்துக்கொண்டு, தோளைச் சாய்த்து நின்றான். பேச்சே இல்லை அவனுக்கு. மொட்டையன் "டேய்" என்றதும் திரும்பினான்.

தணிகாசலம் அப்படித்தான் திரும்புவான்.

"முகம் அச்சு அசலா இல்ல" என்றேன்.

"இல்லதான். ஆனா நடக்கறான் பாரு" என்றாள்.

ஏப்ரல் 19

ஜெயம்மாள் மறுபடி போக வேண்டும் என்றாள். போனோம். ஆரம்பத்தில் ஓடும் பெயர்களில் அந்த அடியாளின் பெயர் வருகிறதா என்று தேடினேன். படிப்பதற்குள் ஓடிவிடுகிறது. அடியாட்கள் என்று மொத்தமாக ஒரு வரி வந்த மாதிரி இருந்தது.

ஏப்ரல் 25

மூன்றாவது தடவை. கதவுக்காரன், "இன்னா பெரியவரே, மூச்சிலான்மேல அவ்ளோ பிரியமா?" என்றான்.

"ஆமாம்பா" என்றேன்.

மே 2, வியாழன்

நாளை வேறு படம் மாற்றுகிறார்கள். இன்று பகல் ஆட்டத்துக்குப் போனோம். ஜெயம்மாள் நல்ல புடவை கட்டிக்கொண்டாள்.

அவன் வருகிற இடங்கள் மொத்தம் நாலு. சுவரோரம் நிற்பது. ஒரு மூட்டையைத் தூக்கிப் போவது. குதிரை வண்டிக்குப் பின்னால் ஓடுவது. அந்த இடத்தில் ஜெயம்மாள், "மெதுவா ஓடுறா" என்றாள், பக்கத்திலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நாலாவது, ஏரிச் சண்டை. மூச்சிலான் அவன் தாடையில் குத்துவான். அவன் பாறையிலிருந்து தண்ணீரில் விழுவான். தியேட்டர் முழுக்கக் கைதட்டும். மூச்சிலான் பாறைமேல் இடுப்பில் கை வைத்து நிற்பான். தண்ணீருக்குள் எத்தனை நேரம் வேண்டுமானாலும் இருக்கத் தெரிந்தவன். விழுந்தவனைத் தூக்க இறங்க மாட்டான்.

இன்றும் இறங்கவில்லை.

ஜெயம்மாள் தண்ணீர் அடங்கும் வரைக்கும் பார்த்தாள். பிறகு படம் வேறு இடத்துக்குப் போய்விட்டது.

"போலாம்யா" என்றாள்.

படம் முடிய இன்னும் அரைமணி இருந்தது. எழுந்து வந்துவிட்டோம். வெளியே நல்ல வெயில்.